தூங்கிப்போன செக்கர்

மருத்துவமனையில் அவனுக்குப் பெயர் ஆந்தை. அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று சம்பளப் பட்டியலில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லித் தேடினால், தினமும் அவனுக்கு டீ ஊற்றிக் கொடுக்கிற கேன்டீன்காரரே கைவிரித்துவிடுவார். ஆந்தை எங்கே என்று கேளுங்கள், தரை துடைக்கிற அம்மாள்கூடக் கீழ்த்தளத்துக் கடைசி அறையைக் கை காட்டுவாள். இதில் அவனுக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. எடுத்ததற்கெல்லாம் வருத்தப்படுகிறவனாக இருந்தால், கறுப்புத் திரையை இழுத்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு, ஒரு மைக்ராஸ்கோப்போடு தனியாக உட்கார்ந்திருக்கும் வேலையில் இத்தனை வருடம் தாக்குப்பிடித்திருக்க மாட்டான்.

அந்த வேலையில் அவனைக் கொண்டுபோய்த் தள்ளியவள் அக்கா.

அக்கா பஸ் கண்டக்டர். தம்பியைவிடப் பத்து வயது பெரியவள். அப்பா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார், அம்மா படுத்த படுக்கையாகிவிட்டாள், அதற்குப் பிறகு அந்த வீட்டை ஓட்டியது அக்காவின் விசில்தான். தம்பியைப் படிக்கவைத்தாள். தம்பிதான் படிக்கவில்லை. படிப்பு ஏறாத தம்பி ஒரு போட்டோ ஸ்டூடியோவில் படம் கழுவும் வேலைக்குப் போனான். சிவப்பு விளக்கடியில், மருந்துத் தண்ணீரில் மிதக்கும் வெறும் தாளில் யாருடைய முகமோ கொஞ்சம் கொஞ்சமாக எழும்பி வருவதைப் பார்ப்பதில் அவனுக்கு ஒரு கிறுக்கு. கிறுக்கு சோறு போடாதே. பிலிம் இல்லாத கேமரா வந்ததும் ஸ்டூடியோக்காரர் கடையைச் செல்போன் கடையாக மாற்றிக்கொண்டார், இவன் வீட்டில் வந்து உட்கார்ந்தான்.

அக்காவின் பஸ்ஸில் தினமும் வருகிற ஒருவர், பெரிய மருத்துவமனை ஒன்றின் பரிசோதனைக்கூடத் தலைவர். ஒருநாள் அவர் பக்கத்து சீட்காரரிடம் புலம்பிக்கொண்டே வந்தார். இருட்டறை வேலைக்கு வருகிற பையன் எவனும் ஒரு மாதம் நிற்பதில்லையாம், மூச்சு முட்டுகிறது என்று ஓடிவிடுகிறானாம். தன் பஸ்ஸில் யார் யாரிடம் எதைப் பேசினாலும் அது கண்டக்டருக்கும் சேர்த்துத்தான் என்பது அக்காவின் சட்டம். அவருக்குத் தரவேண்டிய மீதிச் சில்லறையைக் கையில் குலுக்கிக்கொண்டே சொன்னாள்.

"சார், என் தம்பி ஒருத்தன் இருக்கான். இருட்டுல விட்டீங்கன்னா வெளியவே வர மாட்டான்."

அவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை, சில்லறையையும் கொடுக்கவில்லை. அவர் இறங்கும் நிறுத்தம் வந்து, சரி, நாளைக்கு அனுப்பு என்று சொன்ன பிறகுதான் கொடுத்தாள். இப்படியாக ஆந்தை எடுபிடியாகச் சேர்ந்து, சாயங்கால வகுப்பில் ஒரு சான்றிதழ் படிப்பையும் எப்படியோ முடித்து, டெக்னீஷியன் ஆனான்.

அப்படி என்னதான் இருட்டில் செய்கிறாய் என்று அக்கா ஒருநாள் பிடித்துக்கொண்டாள். அவன் தனக்குத் தெரிந்த மட்டில் சொன்னான். நம் உடம்புக்குக் காவல்காரர்கள் உண்டு, கிருமி நுழைந்தால் ஓடிப்போய்க் கட்டிப் பிடித்துக்கொள்வார்கள். சில பேருக்கு அந்தக் காவல்காரனுக்கே புத்தி பிசகிவிடும். சொந்தத் தோலையே திருடன் என்று நினைத்துப் பிடித்துக்கொள்வான், அவன் பிடித்த இடமெல்லாம் தோல் பிரிந்து கொப்புளம் போடும். சாதாரண மைக்ராஸ்கோப்பில் அவன் கண்ணுக்குத் தெரியமாட்டான். அவனைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ள ஒரு மருந்து இருக்கிறது, அந்த மருந்தோடு ஓர் ஒளிரும் சாயம் கட்டிவிடப்பட்டிருக்கிறது. நோயாளியின் தோலில் மிளகளவு வெட்டி எடுத்து, உறையவைத்து, தாளைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் துண்டில் ஒட்டி, அந்தச் சாயத்தை விட்டுக் கழுவி, இருட்டில் நீல வெளிச்சம் பாய்ச்சிப் பார்க்க வேண்டும். காவல்காரன் ஒட்டியிருந்தால் பச்சையாக எரியும். இல்லாவிட்டால் எல்லாம் இருட்டு.

அக்கா யோசித்தாள். பிறகு, "அதுக்கு எதுக்குடா இவ்வளவு சுத்தற? செக்கர்னு சொல்லு. டிக்கெட் இல்லாம ஏறினவன் எந்த சீட்டுல ஒளிஞ்சிருந்தாலும் போய்ச் சட்டையப் புடிக்கிறான் பாரு, அவன்தானே?" என்றாள்.

அன்றிலிருந்து அந்தச் சாயத்துக்கு அவர்கள் வீட்டில் செக்கர் என்றே பெயர். இன்றைக்குச் செக்கர் யாரையாவது பிடித்தானா என்று கேட்காமல் அக்கா அவனுக்கு டீ கொடுத்ததில்லை. அவனுக்குக் கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளிக் குடிபோன பிறகும், தினமும் வேலைவிட்டு அக்கா வீட்டு நிறுத்தத்தில் இறங்கி அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போவான். அவன் மனைவி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள், ஆனால் தடுத்ததில்லை.

பச்சை எரிவதில் பல தினுசு உண்டு. தோலுக்கு அடியில் ஒரே கோடாக ஓடினால் ஒரு நோய். அது கொஞ்சம் சாது. செல்லுக்குச் செல் சுற்றிவளைத்து வலை மாதிரி எரிந்தால் இன்னொரு நோய், அது பொல்லாதது. உடம்பெல்லாம் தோல் கழன்று போகும், வருடக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டும், கவனிக்காமல் விட்டால் ஆளையே கொண்டுபோய்விடும். பார்ப்பதற்கு என்னவோ அந்த வலைதான் அழகு. கும்மிருட்டில் பளிச்சென்று பச்சை நூலால் பின்னியது போல் இருக்கும். ஸ்டூடியோவில் முகம் எழும்புவதைப் பார்த்த அதே கிறுக்கோடு ஆந்தை அதைப் பார்ப்பான். பிரமாதமான வலை என்று ஓரிரு தரம் வாய்விட்டே சொல்லியிருக்கிறான்.

வேலையில் அவனுக்கு ஒரே ஒரு வெறி உண்டு. ஒவ்வொரு தடவை சாயம் போடும்போதும், நோயாளியின் கண்ணாடிகளோடு கூடுதலாக ஒரு கண்ணாடியையும் சேர்த்துப் போடுவார்கள். அது, வலை நோய் இருப்பது ஏற்கெனவே உறுதியான யாரோ ஒருவருடைய தோல். இதற்குக் கண்ட்ரோல் என்று பெயர். அது பச்சையாக எரிந்தால் சாயம் உயிரோடு இருக்கிறது, மற்றதை நம்பிப் பார்க்கலாம். அது எரியாவிட்டால் மற்ற கண்ணாடியில் தெரியும் இருட்டுக்குக் காலணா மதிப்பில்லை. 'முதலில் கண்ட்ரோல்' என்று அட்டையில் எழுதி மைக்ராஸ்கோப்புக்கு மேலே ஒட்டிவைத்திருந்தான். புதிதாக வருகிறவர்கள் யாராவது நோயாளியின் கண்ணாடியை முதலில் எடுத்துவிட்டால் அன்றைக்கு அவர்கள் காது கிழிந்துவிடும்.

இப்படி ஊருக்கு உபதேசம் செய்தவன் தன் வீட்டு விஷயத்தில் என்ன செய்தான் என்பதுதான் கதை.

அக்கா ஓய்வு பெற்று வீட்டில் இருக்கத் தொடங்கிய கொஞ்ச நாளில் அவளுடைய முழங்கால் இரண்டிலும் கொப்புளம் போட்டது. பிறகு தோள்பட்டையில். பிறகு மணிக்கட்டில். சின்னதும் பெரிதுமாக, நீர் கோத்துக்கொண்டு. காலமெல்லாம் ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டே வேலை பார்த்தவளுக்கு இதெல்லாம் உப்புப் பெறாத விஷயம். தம்பிதான் பார்த்துவிட்டுப் பிடிவாதமாக மருத்துவமனைக்கு இழுத்து வந்தான். தோல் டாக்டர் நன்றாகப் பார்த்தார். ஏதாவது பூசினீர்களா, தடவினீர்களா என்று கேட்டார். இல்லை என்றாள் அக்கா. சொந்தத் தோலே எதிரியாகிற நோயாக இருக்கலாம், எதற்கும் ஒரு துண்டு எடுத்துக் கீழே அனுப்புகிறேன், அதுவரைக்கும் இந்த மாத்திரையைச் சாப்பிடுங்கள் என்றார். மாத்திரை கொஞ்சம் முரட்டு மாத்திரை. அக்காவுக்குத் தூக்கம் போயிற்று, ஏற்கெனவே மூக்குக்கு மேல் வருகிற கோபம் இன்னும் மேலே வந்தது.

கீழே என்றால் வேறெங்கே, ஆந்தையின் அறைதான். தோல்துண்டு வந்த அன்றைக்கு டாக்டரம்மா, அதாவது இப்போது பரிசோதனைக்கூடத்துக்குத் தலைவராக இருக்கிறவர், அவனைக் கூப்பிட்டார். வேறு ஆளை வைத்துச் செய்துகொள்ளலாம், நீங்கள் இதை விட்டுவிடுங்கள் என்றார். அவன் கேட்கவில்லை. தன் அக்காவின் தோலை வேறொருவன் சீவுவதா என்று அவனுக்கு ரோஷம். டாக்டரம்மா அவனை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

சாயம் இருக்கிற சின்னக் குப்பியைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து, கறுப்புத் தாளைப் பிரித்து, போதுமான அளவு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து போன் வந்தது. தோல் எடுத்துக் கட்டுப் போட்டாயிற்று, உங்கள் அக்கா சக்கர நாற்காலியில் உட்காரமாட்டேன் என்கிறார், நர்சோடு தகராறு, உடனே வாருங்கள் என்றார்கள். ஓடினான். நாற்காலியில் அக்கா உட்காரவில்லை, களைத்துப்போன நர்ஸ்தான் உட்கார்ந்திருந்தாள். இருவரையும் சமாதானம் செய்து, அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வேலை முடிகிற நேரத்தில்தான் கீழே வந்தான். எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டுக் கிளம்பினான்.

மறுநாள் காலையில் சீவினான், ஒட்டினான், சாயம் விட்டான், கழுவினான். கண்ட்ரோலையும் சேர்த்துத்தான் செய்தான், அதில் குறைவைக்கவில்லை. பிறகு திரையை இழுத்தான், விளக்கை அணைத்தான். இந்த இருட்டில் அவன் எத்தனையோ வலைகளைப் பார்த்தவன், ஒவ்வொன்றும் இப்போது நினைவுக்கு வந்தது. அதைப் போய் அழகு என்று சொன்னோமே என்று வெட்கமாக இருந்தது. தட்டில் கண்ட்ரோல் இருந்தது, பக்கத்தில் அக்கா இருந்தாள். கை தானாக அக்காவை எடுத்தது.

இருட்டு. ஓரம்வரைக்கும் தேடினான். வலை இல்லை, கோடு இல்லை, ஒரு பச்சைப் புள்ளிகூட இல்லை.

அந்த இருட்டிலேயே அழுதுவிட்டான். மூக்கைச் சிந்திக்கொண்டு, வெளியே ஓடிப்போய் அக்காவுக்குப் போன் போட்டான். ஒன்றும் இல்லை அக்கா, எல்லாம் இருட்டு என்றான். மறுமுனையிலிருந்து காதைப் பிளக்கிற மாதிரி இரண்டு விசில். ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு விசில் என்றால் போகலாம். ஓய்வுபெற்ற அன்றைக்கு டிப்போவில் எல்லாவற்றையும் ஒப்படைத்தவள் விசிலை மட்டும் கொடுக்காமல் வந்துவிட்டாள், வீட்டில் அவள் கணவர், அதாவது அத்தான், தூங்கி வழியும்போதெல்லாம் அது பயன்பட்டுக்கொண்டிருந்தது. இந்த முரட்டு மாத்திரையை இப்போதே குப்பையில் போடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

டாக்டரம்மா வந்தபோது ஆந்தை பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றான். அவர் வழக்கம்போலக் கண்ட்ரோலை முதலில் எடுத்து வைத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். இங்கும் அங்கும் நகர்த்தினார். பிறகு கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"இது கண்ட்ரோல்தானே?"

"ஆமாம் டாக்டர்."

"இதுலயும் ஒண்ணுமே எரியலையே."

ஆந்தை தன் கண்ணால் பார்த்தான். எப்போதும் தகதகவென்று எரிகிற கண்ட்ரோல் அடுப்புக்கரி மாதிரிக் கிடந்தது. அப்போதுதான் நேற்று மத்தியானம் ஞாபகத்துக்கு வந்தது. கறுப்புத் தாளைப் பிரித்த குப்பியை ஜன்னலோர மேசையில் அப்படியே விட்டுவிட்டு மேலே ஓடியிருக்கிறான். திரை விலகியிருந்தது. பொழுது சாயும்வரை வெயில் அதன் மேலேயே அடித்திருக்கிறது. சாயங்காலம் வந்தவன் எதையும் யோசிக்காமல் தாளைச் சுற்றிக் குளிர்பெட்டிக்குள் வைத்துவிட்டான். இந்தச் சாயத்துக்கு வெளிச்சம்தான் எமன். அது தெரியாதவனா அவன்? விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு கிணற்றில் விழுந்திருக்கிறான்.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்று அவனைத் தேற்றலாம். ஆனால் சாயம் செத்தது சறுக்கல் என்றால், அட்டையில் எழுதி ஒட்டிவைத்ததற்கு நேர் கீழேயே உட்கார்ந்துகொண்டு அக்காவை முதலில் எடுத்தது ஆத்திரம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

டாக்டரம்மா கத்தவில்லை. அவர் கேட்டது ஒன்றுதான்.

"வீட்டுக்குச் சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன் டாக்டர்."

மீதித் தோல் இருக்கிறதா என்று கேட்டார். கொஞ்சம் இருக்கிறது, இன்னொரு தடவைக்குப் போதும் என்றான். திறக்காத குப்பி ஒன்றும் இருந்தது. நாளைக்குப் போடலாம், ஆனால் அக்காவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், மாத்திரையைத் திடீரென்று நிறுத்திவிடப்போகிறார் என்றார். நிறுத்துவதா, இந்நேரம் அது குப்பை வண்டியில் போய்க்கொண்டிருக்கும் என்று ஆந்தை மனதுக்குள் சொல்லிக்கொண்டான்.

பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது ஒரு சபலம் வந்தது. சொல்லாவிட்டால் என்ன? நாளைக்குத் திரும்பப் போட்டு அதுவும் இருட்டாகவே இருந்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? இரண்டு நிறுத்தம்வரை அந்த யோசனையோடு சுகமாகப் போனான். மூன்றாவது நிறுத்தத்தில் வலை ஞாபகம் வந்தது. ஒருவேளை அது இருந்து, அக்கா மாத்திரையும் சாப்பிடாமல் விசிலை ஊதிக்கொண்டு திரிந்தால்?

அக்கா வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். தெருவுக்கே சேதி சொல்லிவிட்டிருந்தாள் போலிருக்கிறது, எதிர்வீட்டுக்காரர் அவனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அவன் அக்காவை உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்துச் சொல்ல ஆரம்பித்தான். குப்பி, வெயில், கண்ட்ரோல் என்று எங்கெங்கேயோ போய்த் திணறினான். அக்கா அவனை நிறுத்தினாள்.

"செக்கர் தூங்கிட்டான்னு சொல்லு."

"ஆமாம்க்கா."

"பஸ்ல டிக்கெட் இல்லாதவன் இருக்கானா இல்லையான்னே தெரியாது."

"தெரியாதுக்கா. நாளைக்கு வேற செக்கரை ஏத்தி மறுபடியும் பாக்கணும்."

அக்கா முகத்திலிருந்த வெளிச்சம் இறங்குவதை அவனால் பார்க்க முடியவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மற்றவர்களுக்கும் இப்படித்தான் பார்ப்பாயா என்று கேட்டாள். இல்லை அக்கா, எல்லாருக்கும் கண்ட்ரோலைப் பார்த்துவிட்டுத்தான் பார்ப்பேன் என்றான்.

"அப்ப எனக்கு மட்டுந்தான் அவசரப்பட்டிருக்க," என்றாள். கோபமாகச் சொன்ன மாதிரித் தெரியவில்லை. அவன் தலையை ஒரு தரம் தடவிவிட்டாள். அம்பதை நெருங்குகிற தலை, பாதி நரைத்த தலை.

மூலையில் உட்கார்ந்திருந்த அத்தான் அப்போது தொண்டையைக் கனைத்தார். அக்கா பேசுகிற வீட்டில் வேறு யாருக்கும் பேச வேலை இருந்ததில்லை என்பதால், அவர் கனைத்தாலே அது விசேஷம்.

"அந்தப் பாட்டிலை எடுத்துட்டு வரட்டுமா?" என்றார்.

அக்கா அவரை முறைத்தாள். அவர் அதற்குள் எழுந்து உள்ளே போய்விட்டார். திரும்பி வந்தபோது ஒரு கையில் சிவப்புத் தைலம் ஒரு பாட்டில், இன்னொரு கையில் கசங்கிய மாத்திரை அட்டை. அட்டையைக் குப்பைக்கூடையிலிருந்து எடுத்துத் துடைத்து வைத்திருந்தார். பாட்டில் அக்கா வேலைக்குக் கொண்டுபோன பழைய சாப்பாட்டுப் பையில் ஒளிந்திருந்ததாம்.

தம்பி ஒப்புக்கொண்ட பிறகு தான் மட்டும் மறைப்பது நியாயமில்லை என்று அக்காவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவளே சொல்லிவிட்டாள். அவளுடைய பழைய பஸ்ஸில் மூட்டுவலித் தைலம் விற்கிற ஒருவன் ஏறுவான். ஓய்வுபெற்ற பிறகு முழங்காலும் தோளும் மணிக்கட்டும் குத்திக் குடைந்தன, அவனிடம் வாங்கித் தேய்த்தாள். போதவில்லை. தேய்த்துவிட்டு அதன் மேல் வெந்நீர்ப் பையும் வைத்தாள். எரிந்தது, எரிந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்று இன்னும் கொஞ்சம் தேய்த்தாள். தோல் டாக்டரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டான்.

"நீ அந்த ஆஸ்பத்திரியில வேலை பாக்கிறவன். உன் அக்கா பஸ்ல விக்கிற எண்ணெய வாங்கித் தேய்க்கிறாள்னு அங்க யாரும் சிரிச்சுடக் கூடாதுன்னுதான்டா."

ஆந்தைக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பாட்டிலை மோந்து பார்த்தான், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கொப்புளம் போட்ட இடமெல்லாம் வலி இருந்த இடம்தான் என்று அப்போதுதான் கணக்குச் சரியாக வந்தது. இருந்தாலும், தைலம்தான் காரணம் என்று நாமே தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது, நாளைக்குப் பார்த்தால்தான் தெரியும் என்றான். ஒருநாளில் இரண்டு தடவை விழ அவனுக்குத் தெம்பில்லை. அக்கா மறுபேச்சுப் பேசாமல் கசங்கிய அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் அவன் டாக்டரம்மாவிடம் போய், தைலக் கதையைச் சொல்லிவிட்டு, நீங்களே யாரையாவது வைத்துச் சாயம் போட்டுவிடுங்கள், என் கை வேண்டாம் என்றான்.

"கை உங்களோடதாவே இருக்கட்டும்," என்றார் அவர். "கண்ணு என்னோடதா இருக்கட்டும்."

புதுக் குப்பியைக் கறுப்புத் தாளோடு கையில் பொத்தி எடுத்துவந்தான். திரையை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தான். போன் அடித்தது, எடுக்கவில்லை. மிச்சமிருந்த தோலைச் சீவும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டான். சாயம் விட்டு, கழுவி, கண்ணாடிகளைத் தட்டில் வைத்து டாக்டரம்மா பக்கம் நகர்த்திவிட்டு, சுவரோடு சுவராக ஒட்டி நின்றுகொண்டான். நீல விளக்கு எரிந்தது. அவர் கண்ட்ரோலை வைத்தார்.

"எரியுது. நல்லா எரியுது. வந்து பாருங்க."

பார்த்தான். பளிச்சென்று பச்சை வலை. அது வருடங்களுக்கு முன் இங்கே வந்த ஒரு தபால்காரருடைய தோல். அப்போது மேலெல்லாம் புண்ணாக இருந்த மனிதர், பிழைத்து, இப்போது வருடத்துக்கு ஒருமுறை வந்து காட்டிவிட்டுப் போகிறார். தன் தோலில் ஒரு துணுக்கு இந்தக் கீழ்த்தளத்தில் இன்னமும் வேலைசெய்துகொண்டிருப்பது அவருக்குத் தெரியாது. அந்த மனிதர் நூறு வயது இருக்க வேண்டும் என்று ஆந்தை நினைத்துக்கொண்டான்.

டாக்டரம்மா அடுத்த கண்ணாடியை வைத்தார். அதை எடுத்துவிட்டு அதற்கடுத்ததை வைத்தார், அதற்கடுத்ததை வைத்தார். இருட்டில் கண்ணாடி வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு நாற்காலியைத் தள்ளி எழுந்தார்.

"ஒண்ணும் இல்ல. நீங்களும் பாருங்க."

அவன் உட்கார்ந்து பார்த்தான். நேற்று பார்த்த அதே இருட்டு. அணுவளவு வித்தியாசம் கிடையாது. ஆனால் நேற்றைய இருட்டை நம்பமுடியாது, இன்றைய இருட்டை நம்பலாம். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஓரம்வரைக்கும் இன்னொரு தரம் தேடிப் பார்த்தான். டாக்டரம்மா பேசிக்கொண்டிருந்தார். சாதாரணச் சாயம் போட்ட துண்டிலும் தோல் வெந்துபோன அடையாளம்தான் தெரிகிறதாம், தைலம் என்பது பொருந்துகிறதாம். தோல் டாக்டரிடம் அவரே பேசிவிட்டார். மாத்திரையை நிறுத்திவிடலாம், சாப்பிட்டது சில நாள்தானே, ஒன்றும் ஆகாது, அந்தப் பாட்டிலை மட்டும் யார் கண்ணிலும் படாத இடத்தில் கொட்டிவிடச் சொல்லுங்கள் என்றார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

போகும்போது டாக்டரம்மா சுவரிலிருந்த அட்டையைப் பார்த்தார், அவனையும் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அந்த மரியாதையை ஆந்தை இன்றுவரை மறக்கவில்லை.

இந்தத் தடவை அவன் போன் செய்யவில்லை. நேரில்தான் சொல்வது என்று வைராக்கியம். வேலை முடியும்வரை அதை நெஞ்சிலேயே வைத்துக்கொண்டு, கேன்டீன்காரர் ஏனய்யா இன்றைக்கு நீயாகச் சிரிக்கிறாய் என்று கேட்டதற்கும் வாய்திறக்காமல், பஸ் ஏறினான். அது அக்காவின் பழைய பஸ். டிரைவர் அக்காவோடு வருடக்கணக்கில் ஓட்டியவர், கண்டக்டர்தான் புதுசு.

அக்கா நிறுத்தத்துக்கே வந்து நின்றிருந்தாள். அத்தான் குடையோடு பின்னால் நின்றார். மழையும் இல்லை, வெயிலும் இல்லை, கையில் ஏதாவது பிடித்துக்கொண்டால் தேவலை என்று எடுத்துவந்திருப்பார். ஆந்தை கடைசி ஆளாக இறங்கினான். அவன் முகத்தைப் பார்த்தாலே சேதி தெரிந்திருக்கும். ஆனால் அக்கா முகத்தைப் பார்த்து நம்புகிறவள் இல்லை. எல்லாரும் கேட்கும்படி அங்கேயே கேட்டாள்.

"என்னடா சேதி?"

"ஒண்ணும் இல்லக்கா. தைலந்தான்."

"இரு. செக்கர் முழிச்சிருந்தானா?"

"முழிச்சிருந்தான்க்கா. டாக்டரம்மாதான் முதல்ல பாத்தாங்க. நல்லா முழிச்சிருந்தான்."

அக்கா தலையாட்டினாள். உதடு கோணிக்கொண்டு போயிற்று. தெருவில் நின்று அழுது அவளுக்குப் பழக்கமில்லை, என்ன செய்வதென்றும் தெரியவில்லை. கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து வாயில் வைத்து இரண்டு தரம் ஊதினாள்.

அவ்வளவுதான், பஸ் கிளம்பிவிட்டது. டிரைவருடைய காது அந்த விசிலுக்குப் பழகிய காது. யார் ரைட் கொடுத்தது என்று உள்ளேயிருந்து புதுக் கண்டக்டர் கத்துவது கேட்டது. டிரைவர் ஜன்னல் வழியாகக் கையை வெளியே நீட்டி, திரும்பிப் பார்க்காமலே ஆட்டினார். அக்கா விசிலை வாயிலிருந்து எடுக்கவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. பஸ் திருப்பத்தில் மறையும்வரைக்கும் மூன்று பேரும் அங்கேயே நின்றார்கள்.